மூன்று டம்ளர் தண்ணீர்

ஸ்ரீரங்கம்,
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாதவன் எழுதுகிறேன். நீயும் ஆடுகளும் மரவள்ளிக் காடும் சுகமா? இங்கே நான், வள்ளிக்கண்ணு, மாமா மூவரும் சௌக்கியம். "போன்ல கேட்டா நல்லா இருக்காருன்னு ஒரே சொல்லுல முடிச்சிடுற, எழுதுனாதான் நாலு விஷயம் வரும்" என்று நீ அந்தப் பாறைமேல் நின்று கத்தினாய். பச்சைமலையிலேயே சிக்னல் கிடைப்பது அந்த ஒரு பாறையில்தான் என்றால் நான் என்ன செய்ய? பரீட்சை எழுதிய காலத்துக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ என்னை நம்பி மலையிலிருந்து அனுப்பிய உன் வீட்டுக்காரருக்குச் செவ்வாய், வியாழன், சனி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் நடக்கிறது. என் பைக்கில்தான் வருகிறார். கால் வீக்கம் இல்லை, மூச்சு இரைப்பு இல்லை. சிறுநீர் போகாத உடம்பு, குடித்ததெல்லாம் உள்ளேயே தங்கும் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். உன் தம்பி பொண்டாட்டி வள்ளிக்கண்ணு கறாராக அளந்து கொடுக்கிறாள். பக்கத்து நாற்காலியில் பெரிய கடைவீதி வளையல் கடை கியாசுதீன் பாய். "கொணமானா எங்க மலைச் சுனைத் தண்ணியச் சொம்போட கவுத்துக்குவேன்" என்கிறார் மாமா. "எனக்கு நன்னாரி சர்பத், ஐஸ் போட்டு" என்கிறார் பாய். "தண்ணிப் பேச்சு எடுத்தா ரெண்டு பேரையும் வெளியில அனுப்பிடுவேன்" என்று நர்ஸ் பிரான்சி மிரட்டுகிறாள்.

என் சங்கதி கேள். பைபாஸில் நானூறு படுக்கையோடு புது ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து எங்கள் நாற்பது படுக்கையில் பாதி காலி. டாக்டர் சுபலட்சுமி அம்மா என்னைக் கூப்பிட்டு, "மாதவன், நீங்கதான் மேனேஜர். காப்பாத்துங்க, இல்லேன்னா அடுத்த கோடைக்குள்ள பூட்டிடலாம்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வழி வேகம். அங்கே ஒரு நாற்காலியை நகர்த்தச் சென்னையிலிருந்து அனுமதி வரவேண்டும். நாங்கள் காலையில் நினைத்தால் சாயங்காலம் முடித்துவிடலாம். கெண்டை மீன் திரும்புகிற வேகத்தில் திமிங்கிலம் திரும்புமா?

மே மாதத்திலிருந்து திங்கட்கிழமை தோறும் கூட்டம் வைக்கிறேன். வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு அறைக்கும் பச்சையோ சிவப்போ மாதம் ஒரு குறி. மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு விழுந்தால் அந்த அறை வேறு வேலைக்குப் போய்விடும். யார் சிபாரிசும் செல்லாது. கோயிலிலிருந்து வந்த துளசியைக் கையில் வைத்து, சுபலட்சுமி அம்மா உட்பட எல்லாரையும், 'முகம் பார்க்க மாட்டோம்' என்று பெருமாள் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்ய வைத்துவிட்டேன். காது மூக்கு டாக்டருக்கு முகம் சுண்டிப் போயிற்று!

உன் அன்புத் தம்பி,
மாதவன்

---

பச்சைமலை,
23.7.2025

ஆசைத் தம்பி மாதவனுக்கு,

அக்கா எழுதுவது. வள்ளிக்கண்ணுக்கு இடுப்பு வலி தேவலையா? உன் மாமா எப்படி இருக்கிறார்? இங்கே மழை தூறலோடு போய்விட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை, வீடு மட்டும் பெரிசாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

உன் கடிதத்தைச் சத்துணவுக் கூடத்தில் உலை கொதிக்கும்போது படித்தேன். சிரித்ததில் சாதம் குழைந்தது. மூன்று சிவப்புக்கு ஆளை மாற்றுவதென்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் எப்போதோ மலை இறங்கியிருப்பார். முட்டை வண்டி வராத நாளில் சுண்டலுக்கு மாறத் தெரியாதவள் இங்கே பத்து வருஷம் குப்பை கொட்ட முடியுமா, அதனால் உன் வேகத்தை நான் பரிகசிக்கவில்லை. ஆனாலும் பதறாத காரியம் சிதறாது என்று நம் அப்பா திருவெள்ளறைச் சந்தையில் மாடு பிடிக்கும்போதெல்லாம் சொல்வாரே, அதையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். உன் மாமா உட்காருகிற அறைக்குப் பலகையில் என்ன நிறம்?

தினைமாவும் கொள்ளும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவருக்கு வாழைக்காய் ஆகாது, உப்புக் கண்டம் கேட்டால் கொடுக்காதே, தண்ணீர் அளந்து கொடு.

அக்கா,
ரங்கநாயகி

---

ஸ்ரீரங்கம்,
11.8.2025

அன்புள்ள அக்கா,

நலம், உன் நலம் அறிய ஆவல். தினைமா உருண்டையை மாமா ஒளித்து வைத்துத் தின்கிறார். எடை சரியாக இருக்கிறது.

உனக்கு ஒரு வெற்றிச் செய்தி. போன வாரம் திருச்சி முழுக்கக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சுபலட்சுமி அம்மாவை எழுப்பி, "பிசியோதெரபி அறையைக் காலி பண்ணிக் காய்ச்சல் வார்டு ஆக்கிடலாம்" என்றேன். கட்டில் கடையைத் திறக்க வைத்து, எலக்ட்ரீஷியனைக் கல்யாண வீட்டிலிருந்து இழுத்துவந்து, மருந்துக்கடைப் பையனிலிருந்து காது மூக்கு டாக்டர் வரைக்கும் கட்டில் தூக்கினோம். ஒரே நாள்! திங்கட்கிழமை காலை பன்னிரண்டு கட்டிலும் நிறைந்துவிட்டது. பைபாஸ்காரர்கள் அதே வார்டைத் திறக்க ஒன்பது நாள் ஆகுமாம். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். "நம்ம ஆஸ்பத்திரி பொழச்சுக்கும் போலிருக்கே" என்று அம்மா கண் கலங்கினார்.

இப்போது ஒவ்வொரு நர்ஸுக்கும் இரண்டு வேலை பழக்குகிறோம். பிரான்சிக்கு ஆபரேஷன் தியேட்டர் வேலை கற்றுத் தருகிறார்கள். வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க இரண்டு ஸ்கூட்டர் விட்டிருக்கிறோம். அக்கா, இத்தனை வருஷத்தில் இந்த வேலையில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

வள்ளிக்கண்ணு உன்னை விசாரித்தாள்.

மாதவன்

---

பச்சைமலை,
22.8.2025

தம்பி மாதவனுக்கு,

நீயும் வள்ளிக்கண்ணுவும் சுகமாக இருக்கவேண்டும். கட்டில் தூக்கிய கதையைப் பக்கத்துக் காட்டுக்காரிக்குக் கூடப் படித்துக் காட்டினேன். பெருமையாக இருந்தது.

நான் கேட்டது நிறம். நீ எழுதியது வேறெல்லாம். சின்ன வயதில் ஸ்லேட்டை உடைத்த அன்றைக்குத்தான் நீ என்னிடம் இவ்வளவு பேசுவாய்.

அவர் இல்லாமல் காடு கிடக்கிறபடி கிடக்கிறது. அது போகட்டும். விலை சரிந்தாலும் மரவள்ளி அடுத்த வருஷம் முளைக்கும். எனக்கு அவர் திரும்பி வரவேண்டும். முழுசாக வேண்டாம், வாரத்தில் பாதி நாள் உன் நாற்காலியிலும் பாதி நாள் என் கண் முன்னாலும் இருந்தால் போதும். என் வேண்டுதல் இவ்வளவுதான்.

தண்ணீர் அளந்து கொடு. கேட்டால் ஒரு துண்டு ஐஸ் கொடு, நாக்கு நனையும்.

அக்கா

---

ஸ்ரீரங்கம்,
26.9.2025

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நவராத்திரிக் கூட்டம் வேறு. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மாமா நலம். இப்போது வாரம் இரண்டு தடவையாக மாற்றியிருக்கிறோம். செவ்வாயும் சனியும். நிறையப் பேருக்கு இரண்டே போதுமானதுதான். தண்ணீர் மட்டும் மூன்று டம்ளரிலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறது.

மழைக் காலம், பாறை வழுக்கும். போன் பேச ஏறாதே.

மாதவன்

---

திருச்சி,
4.10.2025

அன்புச் சகோதரி ரங்கநாயகிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மேலும் உங்கள் வீட்டார் மேலும் சாந்தி உண்டாகட்டும். என் பெயர் ஜஹானாரா. உங்கள் வீட்டுக்காரர் பிச்சைமுத்து அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் கியாசுதீன் அவர்களின் மனைவி. அண்ணன்தான் உங்கள் முகவரி கொடுத்தார். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது.

அந்த அறையை மூடப்போகிறார்கள். மாத ஆரம்பத்திலேயே கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். நவம்பர் முதல் அது குழந்தையில்லாதவர்களுக்கான சிகிச்சை அறையாம். காப்பீட்டிலிருந்து வருவது ஊசிக்கும் மெஷினுக்குமே போதவில்லை, மூன்று மாதமும் சிவப்பு என்று சொல்கிறார்கள். செலவைக் குறைக்கத்தான் வாரம் மூன்றை இரண்டாக்கினார்கள். எங்கள் வீட்டுக்காரர் இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறார். பிச்சைமுத்து அண்ணனுக்கும் அப்படித்தான் என்று பிரான்சி சொன்னாள்.

உங்கள் தம்பியிடம் அழுது பார்த்தேன். நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். "சட்டம் நான் போட்டதும்மா, நானே மீற முடியாது" என்றார். வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டால் பெயர் எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் சேரும் விஷம் காத்திருக்குமா?

ஏழு குடும்பம் அந்த அறையை நம்பி இருக்கிறோம். கூடப் பிறந்தவள் நீங்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் வீட்டுக்காரருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் ஆயுளைத் தருவானாக.

ஜஹானாரா

---

பச்சைமலை,
9.10.2025

மாதவா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஜஹானாரா எழுதிவிட்டாள்.

அவர் உட்கார்ந்தபடி தூங்குகிறாராமே. உன் வீட்டில்தானே தூங்குகிறார். நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய். பார்த்துவிட்டு எனக்குப் பாறை வழுக்கும் என்று எழுதுகிறாய்.

நான் உனக்கு மூத்தவள், உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்றெல்லாம் சொல்லி நியாயம் கேட்கமாட்டேன். பிச்சையாகவே கேட்கிறேன். அந்த அறையை மூடாதே. உன் காலில் விழச் சொன்னால் நாளைக்கே பஸ் ஏறி வந்து, உன் ஆஸ்பத்திரி வாசலில் ஊர் பார்க்க விழுகிறேன். இல்லை, மூடித்தான் ஆகவேண்டும் என்றால் அவரை இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. ஒரு நாள் கூடத் தள்ளாதே.

அக்கா

---

ஸ்ரீரங்கம்,
15.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாமா கேட்டார். கொடுக்கவில்லை. வள்ளிக்கண்ணு என்னோடு பேசி ஒரு வாரமாகிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். காது மூக்கு டாக்டரின் அறையை மூன்று சிவப்புக்காக ஆகஸ்டில் எடுத்தேன். அவர் இருபது வருஷம் உட்கார்ந்த அறை. "முகம் பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கோம் சார்" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது என் மாமா உட்காருகிற அறைக்கு மட்டும் நான் சத்தியத்தை மீறினால், அடுத்த திங்கட்கிழமை அந்தப் பலகையை யார் மதிப்பார்கள்? சத்தியத்தை விடு. குழந்தையின்மை டாக்டர் நவம்பரில் அறை கிடைத்தால்தான் வருவேன், இல்லையென்றால் பைபாஸுக்குப் போய்விடுவேன் என்கிறார். அவர் வராவிட்டால் கோடையில் பூட்டுதான். அறுபது பேர் வேலை பார்க்கிறோம். அந்த ஏழு பேருக்கு அப்போதும் அறை இருக்காது.

நான் கெட்டவன் இல்லை அக்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சட்டம் போடும்போது எனக்கு எல்லாம் அறையாகத்தான் தெரிந்தது. மாமாவை அதற்குள் உட்கார வைத்திருந்தும் அவர் கண்ணில் படவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு இப்போதே வேண்டாம். எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜரின் மாமா அங்கே வரிசையில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? எனக்குப் பழக்கமான இடங்களில் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறு.

மாதவன்

---

பச்சைமலை,
20.10.2025

மாதவா,

இன்றைக்குத் தீபாவளி. எண்ணெய் வைக்கவில்லை.

காய்ச்சல் வந்தபோது ஒரே நாளில் வார்டு போட்டாயே. கட்டில் கடையைத் திறக்க வைத்தாயே. கல்யாண வீட்டிலிருந்து ஆளை இழுத்து வந்தாயே. அந்த ஒரு நாள் எங்களுக்குக் கிடையாதா? உன் வேகமெல்லாம் மூடுவதற்கு மட்டும்தானா?

அக்கா

---

பைபாஸ் சாலை,
3.11.2025

என் அருமை அக்கா,

இந்தக் கடிதத்தைப் பெரிய ஆஸ்பத்திரி வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மாமா கண்ணயர்ந்திருக்கிறார். நல்ல செய்தி. முழுதும் படி.

நீ கேட்ட கேள்வி ஊசி மாதிரி ஏறிவிட்டது. இன்று காலைக் கூட்டத்தில் துளசியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தேன். "அறையைக் கொடுப்போம்னுதான் சத்தியம் பண்ணோம். மெஷினைத் தூக்கிப் போடுவோம்னு பண்ணல. அறை புது டாக்டருக்குப் போகட்டும். மெஷினெல்லாம் என் ஆபீஸ் ரூமுக்கும் இந்த மீட்டிங் ஹாலுக்கும் வரட்டும். அதோட நஷ்டத்தைப் புது டாக்டர் வரவு தாங்கும். எனக்கு மேஜையே வேண்டாம், படிக்கட்டுல உக்காந்து பாத்துக்கறேன்" என்றேன். பிறகு யார் முதலில் எழுந்தார் தெரியுமா? காது மூக்கு டாக்டர். "வாங்க, மேஜையைத் தூக்குவோம்" என்றார். சுபலட்சுமி அம்மா துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையசைத்தார். மத்தியானத்துக்குள் அத்தனை மெஷினும் இடம் மாறிவிட்டது, அக்கா. ஏன் இதை ஜூலையிலேயே யோசிக்கவில்லை என்று என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்றுதான் பாக்கி. மெஷினுக்குச் சுத்திகரித்த தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும். அதைச் செய்கிறவர் கோயம்புத்தூரிலிருந்து வியாழக்கிழமை வருகிறார். வெள்ளியன்று மெஷின் ஓடும், மறுபடி வாரம் மூன்று தடவை. அதுவரைக்கும் பாயையும் மற்றவர்களையும் பிரான்சி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். எடுத்துக்கொண்டார்களாம். மாமாவை மட்டும் நானே இங்கே கூட்டி வந்தேன். வசதியான இடம், ஏசி.

சனிக்கிழமை மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒரு தடவை தவறிவிட்டது. கால் சற்று வீங்கியிருக்கிறது, மூச்சும் கொஞ்சம். அவசரப் பிரிவு என்று சொன்னால் உடனே உள்ளே எடுப்பார்கள். ஆனால் நேரே ஐ.சி.யூ.வில் போட்டு வாயில் குழாய் செருகிவிடுவார்கள். இந்தத் தொழில் எனக்குத் தெரியாதா? அதனால் 'அவசரம் இல்லை, வழக்கமான டயாலிசிஸ்தான்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குக் காப்பீட்டு அனுமதி சென்னையிலிருந்து வரவேண்டுமாம். காலையில் வந்துவிடும் என்றார்கள்.

இப்போதுதான் கண் விழித்து, "மாப்ள, ஒரு மடக்கு தண்ணி குடேன்" என்றார். "காலையில மெஷின்ல உக்காந்ததும் டம்ளர் நிறையத் தரேன் மாமா" என்றேன். சரி என்று சிரித்தார்.

உன் தீபாவளியை வெள்ளிக்கிழமை கொண்டாடு.

மாதவன்

---

பச்சைமலை,
19.11.2025

மாதவா,

அன்றைக்கு மலையில் அவருக்குக் கொள்ளி வைத்து முடித்து எல்லாரும் இறங்கிய பிறகும் நீ அந்தப் பாறையோரம் நின்றுகொண்டிருந்தாய். நான் உன்னைக் கூப்பிடவில்லை. உன் கடைசிக் கடிதம் அதற்கு மறுநாள்தான் தபாலில் வந்தது. வெள்ளிக்கிழமை தீபாவளி கொண்டாடச் சொல்லியிருந்தாய்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அவசரம் என்ற ஒரு வார்த்தை. உனக்கு அதிகமாகத் தெரிந்ததால் அதைச் சொல்லாமல் விட்டாய். ஒன்றும் தெரியாத நானாக இருந்திருந்தால் அந்த வாசலில் நின்று ஐயோ, காப்பாத்துங்கய்யா என்று கத்தியிருப்பேன். யோசிக்க யோசிக்க வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடு உன்னை நினைத்தால், நீ சின்னப் பையனாக என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கூடவே வருகிறது. நான் என்ன செய்வேன்?

நேற்று ஜஹானாரா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் ஆபீஸ் அறையில் மெஷின் ஓடுகிறதாம். அவள் வீட்டுக்காரர் படுத்துத் தூங்குகிறாராம். நீ நிஜமாகவே படிக்கட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாயாம். உன் வேகத்தை இனி நான் குறை சொல்லமாட்டேன். அது எங்கள் பக்கம் திரும்பக் கொஞ்சம் நாளாகிவிட்டது, அவருக்கு அவ்வளவு நாள் இல்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியைக் காலியாக வைத்துக் கும்பிடாதே. வெளியே பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறவர்களில் ஒருவரை உடனே உட்கார வை.

அஸ்தியைக் காவிரியில் கரைக்கவேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை, நீதான் செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கலயத்தோடு வருகிறேன். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நில். சுனையிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் கொண்டு வருகிறேன். கரைத்த இடத்தில் அதை அவருக்கு ஊற்று. மூன்று தடவை ஊற்றினால் போதும் என்று ஐயர் சொல்வார்.

நீ மூன்றோடு நிறுத்தாதே.

அக்கா